வானலையின் வரலாறு – 12: மழையும் தேங்காயும்

ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி 1887-88-ஆம் ஆண்டுகளில் கார்ல்ஸ்ரூஹே நகரத்துப் பரிசோதனைச் சாலையில் பிறப்பித்த மின்பொறியானது, மார்க்கோனியின் கையில் கடல் கடந்து பேசும் கருவியாகி, 1901 டிசம்பர் 12-ஆம் தேதி கார்ன்வால் கரையிலுள்ள போல்டுவிலிருந்து நியூபவுண்ட்லாந்து வரை ஓரெழுத்தைச் சுமந்து சென்று, பின்னர்த் தன் பெருங்கூச்சலாலேயே பிறர் பேச்சைக் கெடுக்கும் தொல்லையாக மதிக்கப்பட்டு, 1927-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச வானொலித் தந்தி மாநாட்டின் விதிகளால் படிப்படியாக விலக்கப்பட்ட வரலாற்றைச் சென்ற இதழில் கண்டோம். ஊருக்கெல்லாம் பொதுவாய்க் கிடந்த தரையை வரப்பிட்டு ஆளுக்கொரு வயலாக அளந்து கொடுப்பதுபோல, வானலைப் பரப்பு முழுவதும் குறுகிய பட்டைகளாகப் பங்கிடப்பட்டு, ஒவ்வொரு நிலையமும் தன் பட்டைக்குள் நின்றே பேசவேண்டும் என்பது அதன்பின் உலகப் பொதுநெறியாயிற்று.

அந்த நெறியால் வெளியேற்றப்பட்ட பொறி, சில பத்தாண்டுகளுக்குப் பின் வேறொரு வடிவில் திரும்பி வந்தது. 1960-களில் அமெரிக்காவில் ஜெரால்டு ராஸ், ஹென்னிங் ஹார்மத் முதலியோர், மிக மிகக் குறுகிய மின் துடிப்புகளைக் கட்டுக்குள் வைத்துப் பிறப்பிக்கவும் அவற்றைத் தெளிவாக உணரவும் வழி தேடினார்கள். இத்தகைய துடிப்புகளால் செய்தி அனுப்பும் முறைக்கு 1973-இல் ராஸுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. 1980-களின் இறுதியில் இதற்கு 'அல்ட்ரா வைட்பேண்ட்', அதாவது மீயகலப் பட்டை, என்ற பெயர் நிலைத்தது. இவ்வாறு திரும்பி வந்த துடிப்புகள் பலவாகப் பெருகி ஒன்றோடொன்று மோதுமாயின் என்ன நேரும், அந்த மோதலை எந்தக் கணக்கால் அளப்பது என்ற கேள்வியும், அதற்கு விடை காண முயன்றவர்கள் நூறாண்டு, இருநூறாண்டு பழைமையான கணிதங்களை மீண்டும் உயிர்ப்பித்த விந்தையுமே இவ்விதழின் பொருளாகும்.

* * *

முதலில் ஒரு துடிப்பை அருகில் வைத்துப் பார்ப்போம். அதன் ஆயுள் ஏறத்தாழ ஒரு நானோ வினாடி, அதாவது ஒரு வினாடியை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. கண் இமைப்பதற்குள் பூமியை வலம் வந்துவிடக்கூடிய ஒளியே அந்த நேரத்தில் முப்பது சென்டிமீட்டர், ஏறக்குறைய ஓரடி தூரந்தான் நகரும். காலத்தில் இவ்வளவு ஒடுங்கிய ஒன்று அதிர்வெண்ணில் மிகப் பரந்து விரிந்தே தீரும் என்பது பூரியே நிறுவிய கணிதத்தின் விதி. ஆகவே ஒரு நானோ வினாடித் துடிப்பு, வரப்புகளையெல்லாம் கடந்து ஒரு கிகாஹெர்ட்ஸ் அளவுக்குத் தன் ஆற்றலைப் பரப்பிவிடுகிறது. பரப்பிவிடுவதனால் எந்த ஒரு வயலிலும் அதன் பங்கு மிகச் சொற்பமாகிறது. சாதாரண ஏற்பி அதை உணரவும் மாட்டாது. ஆனால் துடிப்பு எப்போது வரும் என்று முன்னமே அறிந்து காத்திருக்கும் ஏற்பியோ, அதைத் தவறாமல் பற்றிக்கொள்ளும்.

குறுக்கீடு என்பதைக் கணித சாஸ்திரம் எவ்வாறு நோக்கி வந்தது என்பதை இனிச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். 1918-இல் ஷாட்கி என்னும் ஜெர்மானியர், வெற்றிடக் குழாயில் பாயும் மின்சாரம் தனித்தனி எலக்ட்ரான்களின் வருகையே ஆதலால் அதில் ஓயாத சலசலப்பு இருந்தே தீரும் என்று காட்டினார். 1928-இல், சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பெல் நிறுவனத்தைச் சார்ந்து உழைத்த ஜான்சன், நைக்விஸ்ட் என்னும் இருவர், வெப்பமுள்ள எந்தக் கடத்தியும் தானாகவே இரைச்சலைப் பிறப்பிக்கிறது என்பதை, ஒருவர் சோதனையாலும் மற்றவர் சித்தாந்தத்தாலும், நிலைநாட்டினார்கள். 1944-45-இல் ரைஸ் என்பவர், தற்செயல் இரைச்சலின் கணிதம் அனைத்தையும் ஒரு நெடுங்கட்டுரையாகத் தொகுத்தளித்தார். இவை அனைத்துக்கும் அடியில் நின்றது மணி வடிவ வளைவு ஒன்றே. காஸ் 1809-இல் பிழைகளின் விதியாக முன்வைத்ததும், லாப்லாஸ் 1810-இல் மைய எல்லைத் தேற்றத்தால் தாங்கி நிறுத்தியதுமான இயல்நிலைப் பரவல்.

அந்தத் தேற்றத்தின் உட்பொருளை, தென்னந்தோப்பின் நடுவே ஓட்டு வீட்டில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவர்கள் எளிதில் உணர்வார்கள். கூரையின்மேல் விழும் துளிகள் கணக்கற்றவை, ஒவ்வொன்றும் அற்பமானது, எந்தத் துளியும் எந்தத் துளியைக் கேட்டும் விழுவதில்லை. ஆகவே உள்ளே படுத்திருப்பவன் செவிக்குத் துளிகள் கேட்பதில்லை, மழையே கேட்கிறது. அந்த ஓசை ஒரே சீரானது, சராசரி ஒன்றும் பரவலின் அளவு ஒன்றும் தெரிந்துவிட்டால் அதைப்பற்றி அறிய வேறொன்றும் மிச்சமில்லை. வெப்ப இரைச்சல் அத்தகைய மழை. ஆனால் அதே கூரையில் எப்போதேனும் ஒரு முற்றிய தேங்காயும் விழுகிறது. அது அபூர்வமானது, விழாத இரவுகளே மிகுதி, விழுந்தாலோ ஓடு உடைகிறது. இரவு முழுவதும் விழுந்த மழைத்துளியையும் தேங்காயையும் ஒன்றாக நிறுத்து, நிமிஷத்துக்கு இத்தனை எடை என்று சராசரி கூறுவோமானால், கூட்டல் பிழையற்றதாயிருக்கும். ஓடு ஏன் உடைந்தது என்பது மட்டும் அந்தக் கணக்கில் இராது.

தேங்காய்க்கென்று ஒரு தனிக் கணிதத்தை வகுத்தவர்களுள் டேவிட் மிடில்டன் தலையாயவர். யுத்த காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வானொலி ஆராய்ச்சிச் சாலையில் இரைச்சலைப் பயின்ற அவர், மோட்டார்களின் தீப்பொறியும், மின்கம்பிகளின் கசிவும், அயல் நிலையங்களின் அலையும் மழையைப்போல் நடப்பதில்லை என்பதைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டு, 1977-இல் மின்காந்தக் குறுக்கீட்டுக்குப் புள்ளியியல் மாதிரிகள் சிலவற்றை வெளியிட்டார். அவற்றுள் 'ஏ வகுப்பு' என்று அவர் பெயரிட்டது, ஏற்பியின் பட்டையைவிடக் குறுகிய பட்டையுள்ள குறுக்கீடுகளைப் பற்றியது. குறுக்கிடுவோர் எத்தனை பேர் ஒரே கணத்தில் பேசுகிறார்கள் என்பதைப் பாய்சான் பரவலால் எண்ணி, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு மணி வளைவைக் கொடுத்து, அவற்றையெல்லாம் தக்க நிறையுடன் கலந்து ஒரே பரவலாக்கினார். ஒரே கணத்தில் பலர் பேசும்போது இந்தக் கலவை கரைந்து பழைய மணி வளைவாகவே ஆகிவிடுகிறது. பேசுவோர் அருகிப்போகும்போதோ, நடுவில் கூர்ந்து ஓரங்களில் நெடுந்தூரம் வாலை நீட்டுகிறது. மழைக்கும் தேங்காய்க்கும் இடையிலுள்ள பாதை முழுவதையும் ஒரே சூத்திரத்தில் அடக்கிய பெருமை மிடில்டனுடையது.

* * *

1993-ஆம் ஆண்டு, தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராபர்ட் ஷோல்ட்ஸ், ராணுவத் தகவல் தொடர்பு மாநாடு ஒன்றில், நானோ வினாடித் துடிப்புகளைக் கொண்டு பலர் ஒரே வெளியில் ஒரே சமயத்தில் பேசுவதற்கான திட்டம் ஒன்றை எடுத்துரைத்தார். அவரும் அவருடைய மாணவர் மோ வின்னும் 1998-இலும் 2000-இலும் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையின் மூலநூல்கள் போல் ஆயின. திட்டம் இதுதான். காலத்தை ஒரே அளவுள்ள சட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சட்டத்தையும், எண்ணிக்கைக்காக நாம் நூறு என்று வைத்துக்கொள்வோம், நூறு கட்டங்களாக்க வேண்டும். பேசுகிறவர் ஒவ்வொரு சட்டத்திலும் ஒரே ஒரு கட்டத்தில் ஒரே ஒரு துடிப்பை வைப்பார். எந்தச் சட்டத்தில் எந்தக் கட்டம் என்பது அவருக்கும் அவர் பேச்சைக் கேட்பவருக்கும் மட்டுமே தெரிந்த ஒரு சங்கேத வரிசையால் தாவிக்கொண்டே இருக்கும். ஒரு சொல்லின் ஒரு துணுக்குக்காகப் பல துடிப்புகள் அனுப்பப்படும். கேட்பவர் அவற்றையெல்லாம் கூட்டி, கூட்டுத்தொகை நேரா எதிரா என்று பார்த்து முடிவு கூறுவார். இதற்கு நேரத் தாவல் என்று பெயர்.

மற்றவர்களுடைய துடிப்புகள் நமது கட்டத்தில் வந்து விழுவதால் விளையும் கெடுதியை எப்படிக் கணிப்பது? குறுக்கிடுவோர் பலராகவும், அவர்களுடைய வலிமை ஏறத்தாழச் சமமாகவும் இருப்பின், கூட்டுத்தொகை மழையாகிவிடும் என்று மைய எல்லைத் தேற்றம் உறுதியளிக்கிறது. எனவே ஷோல்ட்ஸும் வின்னும் குறுக்கீட்டை மணி வளைவாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒரு புதிய நிலத்தில் முதற்சாலை அமைப்பவர் நேராக அமைப்பதே முறை. அந்த அனுமானத்தினால்தான், எத்தனை பேர் ஒருசேரப் பேசலாம் என்பதைக் காகிதத்தில் சில வரிகளில் எழுதிக் காட்ட முடிந்தது. எழுதிக் காட்ட முடிந்ததனால்தான் உலகம் இதை நம்பிச் செவிசாய்த்தது.

உலகம் செவிசாய்த்ததன் அடையாளமாக, 2002 பிப்ரவரி 14-ஆம் தேதி, அமெரிக்காவின் கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம் மீயகலப் பட்டைக்கு அனுமதி வழங்கியது. 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை, 7500 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பெரும்பரப்பு அது. ஏற்கெனவே பலருக்குப் பட்டா எழுதிக் கொடுத்த வயல்களின் ஊடாகவே செல்வது. ஆகையால் வலிமைக்கு விதித்த வரம்பும் கடுமையானது: ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 41.3 டிபிஎம், அதாவது ஒரு வாட்டில் சுமார் ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சத்தில் ஒரு பங்கு. பரப்பு முழுவதையும் நிரப்பினாலும் மொத்தம் அரை மில்லிவாட்டைச் சற்றே தாண்டும். ஆகாய விமானங்களும் கப்பல்களும் நம்பியிருக்கும் ஜி.பி.எஸ். இயங்கும் பகுதிக்கு இதனினும் சுமார் 2500 மடங்கு கடுமையான வரம்பு விதிக்கப்பட்டது. அனுமதிக்கு முன் நடந்த வாதங்களின் கரு, ஒரு சாதனம் என்ன செய்யும் என்பதோடு, ஆயிரக்கணக்கான சாதனங்கள் வீடுதோறும் சிதறிக் கிடந்தால் அவை கூடி என்ன செய்யும் என்பதுமாகும். 2001-இல் அந்நாட்டு வாணிகத் துறையைச் சேர்ந்த தொலைத்தொடர்பு நிர்வாகம் வெளியிட்ட அறிக்கைகள் தனித்த தாக்கத்தையும் கூட்டுத் தாக்கத்தையும் ஆராய்ந்தன. ஆராய்ச்சிச் சாலையின் வினாவாயிருந்த புள்ளியியல் மாதிரி, இவ்வாறு நாட்டின் சட்டத்தில் இடம்பெறும் எண்ணை நிர்ணயிப்பதாயிற்று. அதில் பிழை நேர்ந்தால் பழுதாவது காகிதம் மட்டுமன்று என்னும் பொறுப்பு அன்று முதல் இத்துறையினர் தோளில் ஏறியது.

* * *

இனி, முன்சொன்ன நூறு கட்டங்களுக்குத் திரும்புவோம். நம்மைத் தவிரப் பத்துப் பேர் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய துடிப்பு நமது கட்டத்தில் விழாதிருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாய்ப்பு. பத்துப் பேருடையதும் விழாதிருக்க, பெருக்கிப் பார்த்தால், நூற்றுக்குத் தொண்ணூறுக்குச் சற்று மேல். அதாவது நாம் அனுப்பும் பத்துத் துடிப்புகளில் ஒன்பது எந்தத் தீங்குமின்றிப் போய்ச் சேருகின்றன. ஒன்று மட்டும் அடிபடுகிறது. இருவர் ஒருங்கே வந்து மோதுவதோ ஆயிரத்தில் நான்கு முறை. மணி வளைவு கூறுவது இதற்கு நேர் மாறானது: ஒவ்வொரு துடிப்பும் சிறிது சிறிதாக அடிபடுகிறது என்கிறது அது. மொத்தத் தீங்கின் அளவில் இரு கணக்குக்கும் வேற்றுமை இல்லை. தீங்கு எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதில் இரண்டும் இரு துருவங்கள்.

2002-க்கும் 2004-க்கும் இடையில் இந்த வேற்றுமை தெளிவாக வெளிப்பட்டது. ஐரோப்பாவில் டுரிஸி, பெனெடெட்டோ, ரோமானோ முதலியோரும், கனடாவில் ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் ஹூ, நார்மன் போலியூ இருவரும், மணி வளைவின் துணையை நாடாமல், மோதலின் உண்மையான பரவலை நேரடியாகக் கணித்துப் பார்த்தார்கள். பிழைகள் மிகுந்திருக்கும் நிலையில் பழைய கணக்கு ஓரளவு பொருந்தியது. ஆனால் பிழை மிகவும் அரிதாக இருக்கவேண்டிய நிலையில், அதாவது ஒரு நல்ல தொடர்பு இருக்கவேண்டிய நிலையிலேயே, உண்மைப் பிழை பழைய கணக்கின் வாக்குறுதியைவிட மிகுதியாயிருந்தது. வெப்ப இரைச்சல் ஓய்ந்த பின்பும் பிழை ஓய்வதில்லை. ஏனெனில் அங்கே எஞ்சியிருப்பது மழையன்று, தேங்காய்.

இதை ஓர் உதாரணத்தால் கண்முன் நிறுத்தலாம். நம் நண்பர் பத்து மீட்டர் தொலைவிலிருந்து 'ஆம்' என்று சொல்ல எட்டு நேர்த்துடிப்புகளை அனுப்புகிறார். அயலார் ஒருவரின் கருவி நமக்கு ஒரு மீட்டர் தொலைவிலேயே இருக்கிறது. தடையற்ற வெளியில் வீச்சு தூரத்துக்கு எதிர்விகிதமாகக் குறைவதால், அவருடைய துடிப்பு நமக்குப் பத்து மடங்கு பெரிதாக வந்து சேரும். அது ஒரே ஒரு கட்டத்தில், எதிர்த்திசையில், மோதிவிடுகிறது. ஏற்பி கண்ட எட்டு அளவுகள் இவை: 1.1, 0.9, 1.0, 1.2, மைனஸ் 9, 0.8, 1.0, 0.9. ஏழு சாட்சிகள் 'ஆம்' என்கிறார்கள். ஒருவர் மட்டும் 'இல்லை' என்று அலறுகிறார். கூட்டிப் பார்த்தால் மைனஸ் 2.1. ஏழு பேர் சொன்ன உண்மை ஒருவருடைய உரத்த குரலில் மூழ்கிப்போக, ஏற்பி 'இல்லை' என்று தீர்ப்பளிக்கிறது. மணி வளைவை நம்பியவருக்கு இதுவே மிகச் சிறந்த தீர்ப்புமுறை என்பதையும் மறக்கலாகாது; ஏனெனில் அந்த வளைவு, இவ்வளவு பெரிய அலறல் எழவே எழாது என்று முன்னமே உறுதி கூறிவிட்டது.

இங்கேதான் ஒரு பழைய கணிதம் மீண்டும் எழுந்து வருகிறது. லாப்லாஸ் தமது இருபத்தைந்தாம் வயதில், 1774-இல், அளவைப் பிழைகளுக்கென ஒரு விதியை முன்வைத்திருந்தார். நடுவில் கூரிய முனையும், இருபுறமும் அடுக்குக்குறி விகிதத்தில் சரியும் சரிவும் உடைய வளைவு அது. மணி வளைவு வந்தபின் அவரே வேறு வழியில் சென்றார். அந்த முதல் வளைவு நெடுங்காலம் பின்னணியிலேயே கிடந்தது. மீயகலப் பட்டையில் எழும் குறுக்கீட்டின் வடிவம் காஸின் வளைவைவிட லாப்லாஸின் அந்த இளமைக்கால வளைவையே ஒத்திருப்பதைக் கண்டு, போலியூவும் ஹூவும் 2006-இல் அதற்கேற்ற ஏற்பி ஒன்றை வகுத்தார்கள். லாப்லாஸின் விதிப்படி கணக்கிட்டால், சிறந்த தீர்ப்புமுறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது: எந்தச் சாட்சி எவ்வளவு உரக்கக் கூவினாலும், நண்பருடைய குரலின் அளவுக்கு மேல் அதை எண்ணாதே. நமது உதாரணத்தில் ஒன்றுக்கு மேற்பட்டதை ஒன்றாகவும், மைனஸ் ஒன்றுக்குக் கீழ்ப்பட்டதை மைனஸ் ஒன்றாகவும் வெட்டிவிட்டுக் கூட்டினால், கிடைப்பது 5.6, தீர்ப்பு 'ஆம்'. வலிமை ஒரு துளியும் கூடவில்லை. புதிய அலைவரிசை எதுவும் கேட்கப்படவில்லை. குறுக்கீட்டின் குணத்தை உள்ளபடி அறிந்ததே இங்கு முழு ஆதாயம்.

* * *

ஏன் இந்தத் தொழில்நுட்பத்தில் மட்டும் பழைய கணக்கு இப்படித் தடுமாறியது என்ற கேள்விக்கு விடை, துடிப்பின் எதிரொலிகளில் இருக்கிறது. 1987-இல் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த அடெல் சாலே, ரெய்னால்டோ வாலென்சுவேலா இருவரும் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குள் 10 நானோ வினாடித் துடிப்புகளை அனுப்பி, சுவர்களிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் கொத்துக் கொத்தாக வருவதைக் கண்டு, கொத்துகளின் வருகைக்கும் ஒவ்வொரு கொத்தினுள் கதிர்களின் வருகைக்கும் தனித்தனிப் பாய்சான் விதியை விதித்தார்கள். குறுகிய பட்டையுள்ள ஏற்பிக்குப் பல எதிரொலிகள் ஒரே கணத்தில் விழுவதுபோல் தோன்றும். அவை கூடிப் புரண்டு ராலே என்பவர் பெயரால் வழங்கும் பரவலாகும். அதுவும் மழையின் சந்ததியே. மீயகலப் பட்டையின் ஏற்பியோ ஓரடிப் பாதை வித்தியாசத்தையும் பிரித்துணரும் கண்ணுடையது. அதன்முன் எதிரொலிக் கூட்டம் கலைந்து, தனித்தனி ஆட்களாக நிற்கிறது. 2002-இல் கேஸியோலி, வின், மோலிஷ் மூவரும் தம் மாதிரியில் நாகாகாமிப் பரவலை நாடியதும், அதே காலத்தில் ஐ.இ.இ.இ. என்னும் மின்பொறியாளர் அமைப்பின் குழு சாலே-வாலென்சுவேலா மாதிரியைத் திருத்தி மடக்கை இயல்நிலைப் பரவலை ஏற்றதும் இக்காரணம் பற்றியே. கூட்டத்தின் விதி என்பது கூட்டத்தில் மட்டும் உள்ளதன்று, பார்க்கும் கண்ணின் மங்கலிலும் பாதி உள்ளது. கண் கூர்மையானபோது விதியும் மாறவேண்டியதாயிற்று.

எஞ்சியிருந்தது தூரத்தின் கணக்கு. குறுக்கிடுவோர் எங்கெங்கு இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது; வானத்தில் விண்மீன்கள்போல் தரையெங்கும் தற்செயலாகச் சிதறிக் கிடக்கிறார்கள். இந்த உவமை வெறும் அலங்காரமன்று. 1919-இல் நார்வே தேசத்து ஹோல்ட்ஸ்மார்க், வாயுவில் தற்செயலாகப் பரவிய அயனிகள் ஒரு புள்ளியில் உண்டாக்கும் மின்புலத்தின் பரவலைக் கண்டறிந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகர், 1942-43-இல் ஜான் வான் நாய்மனுடன் சேர்ந்து, தற்செயலாகப் பரவிய விண்மீன்கள் ஒரு விண்மீனின்மேல் செலுத்தும் ஈர்ப்பு விசைக்கு அதே வழியில் கணக்கிட்டார். 1943-இல் தாம் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுரையில், விசை மிகப் பெரிதாகும் வேளைகளில் அதற்குக் காரணம் ஏறத்தாழ முழுவதும் மிக அருகிலுள்ள ஒரே ஒரு விண்மீன்தான் என்பதையும் எடுத்துக்காட்டினார். கோடானுகோடி விண்மீன்கள் இருந்தும், பேரதிர்ச்சியைத் தருவது அடுத்த வீட்டுக்காரர் ஒருவரே.

1992-இல் டொராண்டோப் பல்கலைக்கழகத்து எல்வினோ சூசா, தளம் முழுதும் பாய்சான் விதிப்படி சிதறிய வானொலிக் கருவிகளின் கூட்டுக் குறுக்கீட்டைக் கணக்கிட்டபோது, ஹோல்ட்ஸ்மார்க்கின் பரவல் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அந்த நிலைபேற்றுப் பரவல்களின் குடும்பமே அங்கும் வந்து நின்றது. 1920-களில் பால் லெவி ஆராய்ந்த அக்குடும்பத்தில் மணி வளைவு ஓர் உறுப்பினர் மட்டுமே. மற்ற உறுப்பினர்களுக்கு வால் மிக நீளம், பரவற்படி எல்லையற்றது. எல்லையற்ற ஒன்றைச் சராசரியால் அடக்க முடியாது. 2009-இல் மோ வின், பெட்ரோ பின்ட்டோ, லாரன்ஸ் ஷெப் மூவரும் வலைப்பின்னற் குறுக்கீட்டுக்கு ஒரு பொதுக் கணிதத்தை வெளியிட்டு, குறுகிய பட்டைக்கும் மீயகலப் பட்டைக்கும் ஒருசேரப் பொருந்தும்படி இச்சிந்தனையை விரித்தார்கள். பத்தாண்டுகளுக்குமுன் குறுக்கீட்டை மணி வளைவாக எடுத்துக்கொண்ட அதே வின், அதனினும் விரிந்த விதியை நாட்டுவதில் முன்நின்றார் என்பது ஆராய்ச்சியாளருக்கு இருக்கவேண்டிய நேர்மைக்குச் சான்றாக என்றும் நினைக்கத்தக்கது.

இவ்வரலாற்றில் நாம் போற்றவேண்டியது, சராசரி மறைத்துவிடும் அந்த ஒருவரைக் கணக்கினுள் கொண்டுவருவதற்காக இத்தனை பேர் பட்ட பாடு. மின்பொறியை ஊரைவிட்டு விலக்கிய 1927-இன் விதி, குறுக்கிடுகிறவனை அப்புறப்படுத்துவது ஒன்றையே வழியாகக் கண்டது. அவனை அப்புறப்படுத்தாமல், அவன் எப்போது, எவ்வளவு அருகில், எத்துணை உரக்கக் குறுக்கிடக்கூடும் என்பதை அறிந்துகொண்டு, அவனோடு ஒரே வெளியில் வாழலாம் என்று காட்டியது புள்ளியியல். 2019 முதல் கைத்தொலைபேசிகளுக்குள்ளேயே மீயகலப் பட்டைச் சில்லுகள் குடியேறிவிட்டன; பலர் கூடிய ஓர் அறையில் அத்தகைய தொலைபேசி தன் துடிப்பைக் கேட்கக் காதைத் திறக்கும்போது, அதன் கூரைமேல் மழையும் பெய்கிறது, தேங்காயும் விழுகிறது. இரண்டையும் வேறு வேறாக எண்ணக் கற்றுக்கொண்டதனால் ஓடு உடைவது குறைந்திருக்கிறது.

துடிப்பைச் சுமக்கும் முறையைப் பற்றி ஐ.இ.இ.இ. குழுவுக்குள் எழுந்த பெரும் பிணக்கையும், இரு கட்சியாரும் இணங்காமையால் 2006 ஜனவரியில் அக்குழு கலைந்ததையும், அச்சிதைவிலிருந்து தூரம் அளக்கும் கலை தழைத்த விதத்தையும் அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)